கான் சாகிபு நல்ல தளபதியா, இல்லை நல்ல வீரர் மட்டும்தானா?

அரசரடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், யாராவது தீர்த்து வையுங்கள்.

காளவாசல் தாண்டி சம்மட்டிபுரத்தில், தேனி ரோட்டு ஓரமாக இருக்கிறதே கான் சாகிபு பள்ளிவாசல், அதைத் தாண்டித்தான் தினமும் மகளை டியூஷனுக்குக் கூட்டிப் போகிறேன். போன வாரம் வண்டியில் உட்கார்ந்துகொண்டே, "அப்பா, இங்கே யாரைப் புதைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மருதநாயகம் என்கிற யூசுப் கான், ராமநாதபுரம் சீமையில் பனையூர்க்காரர். சிப்பாயாகச் சேர்ந்து கும்பினியின் (இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிதான்) சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தளபதியாக உயர்ந்தவர். மதுரையை ஆண்டவர். அப்புறம் அதே கும்பினியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நம்ம ஊர்க் கோட்டைக்குள் இருந்துகொண்டு ரெண்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்தவர். 1764 அக்டோபர் 15-ல் இந்த இடத்தில்தான் தூக்கில் போட்டார்கள். பெரிய வீரர் என்று சொல்லி முடித்தேன். அவளும் தலையாட்டிக்கொண்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது அவள் இதை எடுக்க, என் மச்சினன் குறுக்கே புகுந்துவிட்டான். "வீரர்தான் மாமா, யார் இல்லை என்றது? ஆனால் அவரைப் பிடித்தது கும்பினிக்காரன் இல்லையே. தொழுகையில் இருந்த மனிதரை அவருடைய திவான் சீனிவாச ராவும் அவரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரன் மார்ஷானும் சேர்ந்துதானே கட்டிப்போட்டுக் கொடுத்தார்கள்? கூட இருக்கிற ஆட்களையே கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்ன தளபதி?" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் தெரியாததால்தான், வேறொன்றுமில்லை.

அதுதான் கேள்வி. சண்டையில் தைரியமாக நிற்பதும் படையை நடத்துவதும் ஒன்றா, வேறா? கான் சாகிபை எதில் சேர்ப்பது? துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், கொஞ்சம் விவரமாகச் சொன்னால் மச்சினனிடம் காட்டுவேன்.

---

கொத்தளம்:

உங்கள் மச்சினன் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் கடைசி இரண்டு நாளை மட்டும் வைத்துக் கேட்கிறார். 1752-லிருந்து பாருங்கள்.

திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி (அதே ஆற்காட்டு நவாபுதான், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்) மாட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்க்காரர்களும். கோட்டைக்கு அரிசி வரவேண்டும் என்றால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமைக் காடு வழியாகவும்தான் வரவேண்டும். மாட்டு வண்டிகளையும் பொதி மாடுகளையும் எந்த ராத்திரி, எந்தத் தடத்தில் ஓட்டினால் எதிரி கண்ணில் படாது என்பதைக் கண்டுபிடித்து, வேவு ஆட்களை வைத்து, கூடவே சண்டையும் போட்டுக் கொண்டுவந்து சேர்த்த ஆள்தான் யூசுப் கான். கும்பினித் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் இவரை அப்படித் தூக்கி வைத்துப் பேசியதற்கு வாள்வீச்சு மட்டும் காரணம் இல்லை, இந்த அரிசிதான் காரணம் என்பது என் கட்சி. 1754-ல் சிப்பாய்கள் எல்லாருக்கும் தளபதி ஆக்கினார்கள். தங்கப் பதக்கமும் வந்தது.

அடுத்து 1758 டிசம்பர். பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து சென்னைக் கோட்டையை வளைக்கிறான். இப்போது இவர் வேலை நேர் எதிர்: கோட்டைக்கு வெளியே இருந்துகொண்டு, செங்கல்பட்டு, பரங்கிமலை என்று அலைந்து லாலிக்கு வருகிற சாமான்களை அறுப்பது. கூட இருந்த இங்கிலீஷ்காரன் பெயர் பிரஸ்டன். நின்று மோதுவதில்லை. கடிப்பது, ஓடுவது, மறுபடி வேறு பக்கம் கடிப்பது. ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வந்து உட்காருகிற ஈ மாதிரி என்று லாலியே நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைத் தூக்கிக்கொண்டு போனான். இங்கிலீஷ்காரர்களுக்கு உதவிக் கப்பல் வந்தது ஒரு காரணம், பின்னால் இருந்து இவர்கள் கொடுத்த குடைச்சல் இன்னொரு காரணம்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். பட்டினி கிடக்கிற கோட்டைக்குச் சோறு கொண்டுபோகவும், வளைத்து நிற்கிறவன் சோற்றைப் பிடுங்கவும் இந்தத் தேசத்தில் இவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த ஆள் 1763-ல் தானே ஒரு கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்! எனக்கு இதுதான் ஆறாத விஷயம். மார்ஷான் காட்டிக் கொடுத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் உட்கார்ந்தார் என்றால், வெளியிலிருந்து ஆள் வரும் என்ற நம்பிக்கைதான். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார், ஹைதர் அலிக்கு ஆள் அனுப்பினார். ஆனால் 1763 பிப்ரவரியிலேயே பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் எழுதி முடித்துவிட்டார்கள், அதில் முகமது அலியே கர்நாடக நவாப் என்றும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கப்பலில் செய்தி வந்து சேர மாதக்கணக்காகும் காலம். மதுரைக் கோட்டை மேல் பறந்த அந்தக் கொடிக்குப் பின்னால் யாருமே இல்லை.

ஆனால் சண்டை என்று வந்தபோது மனிதர் பிரமாதமாக நடத்தினார், அதை மறுக்க முடியாது. இரட்டை மதில், அகழி, 72 கொத்தளம் என்பார்கள். (இன்றைக்கு வெளி வீதி போகிற இடம் எல்லாம் அதுதான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தள்ளினார், பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே ஒரு கொத்தளம் மிச்சம். அதையும் பாதிப் பேர் பார்க்காமலேயே பஸ் ஏறுகிறார்கள், என் புனைபெயருக்கு அதுதான் காரணம்.) முதல் முற்றுகை 1763-ல் மழையோடு முடிந்தது. கும்பினிப் படை சேற்றில் நின்று பார்த்துவிட்டு நவம்பரில் பின்வாங்கியது. இவர் சும்மா இருக்கவில்லை, இடிந்ததைக் கட்டினார், புதிதாகக் காப்பு போட்டார். அடுத்த வருஷம் காம்ப்பெல் என்கிற கும்பினி அதிகாரி தலைமையில் திரும்ப வந்தார்கள். வந்த படையில் அதே பிரஸ்டனும் இருந்தார். லாலியை இவரோடு சேர்ந்து கடித்த பிரஸ்டன்தான். 1764 ஜூன் 26-ல் மதிலை உடைத்து ஏறப் பார்த்தார்கள், அடித்துத் தள்ளிவிட்டார், நல்ல சேதம். அதற்கப்புறம் காம்ப்பெல் ஏறுகிற யோசனையையே விட்டுவிட்டு சுற்றி வளைத்துப் பட்டினி போட உட்கார்ந்தான்.

ஆக மச்சினனிடம் இதைச் சொல்லுங்கள்: சண்டையில் யாரும் அவரை ஜெயிக்கவில்லை, சோற்றில் ஜெயித்தார்கள். திருச்சியில் அவர் சோறு போட்டுக் காப்பாற்றிய நவாபுதான் கடைசியில் அவரைத் தூக்கில் போடச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

நெற்கட்டும்செவல் பேரன்:

கொத்தளம் அண்ணன் எழுதினால் கான் சாகிபுக்குச் சிலையே வைத்துவிடுவார் போல.

நான் இருப்பது மதுரை, அம்மா ஊர் நெற்கட்டும்செவல். எங்கள் பக்கம் யாரும் பிள்ளைக்கு இவரை வீரர் என்று சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். பூலித்தேவன் கும்பினிக்கு வரி தர முடியாது என்று நின்றபோது பீரங்கி இழுத்துக்கொண்டு வந்தது யார்? கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது யாருடைய படை என்று தெற்கே போய்க் கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். இத்தனையும் செய்துவிட்டு, மதுரைச் சீமைக்கான குத்தகைப் பணத்தை நவாப் வழியாகக் கட்டு என்று சொன்னதும் ரோஷம் வந்து எதிர்த்தால், அது நாட்டுக்காகவா?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 1759 கடைசியில் வாசுதேவநல்லூர் மண்கோட்டையை அடித்துப் பார்த்து, முடியாமல் திரும்பினார். நம் ஆட்கள் இவரை விரட்டியதை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம் என்றால், விரட்டப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை என்பதும் அதில் வந்துவிடுகிறது. அந்த மனிதர் துவண்டு போகாமல் 1761-ல் திரும்ப வந்து எடுத்தும்விட்டார். கெட்டிக்காரர். எங்களுக்கு எதிரான கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

கேள்விக்கு வந்தால், தளபதிக்குத் தன் ஆட்கள் எதற்காகத் தன்னோடு நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பூலித்தேவனோடு நின்றவன் தன் ஊருக்காக நின்றான். மதுரைக் கோட்டைக்குள் இருந்தவன் சம்பளத்துக்காக நின்றான். சம்பளமும் சோறும் நின்றால் அவனும் நிற்க மாட்டான், இதில் துரோகம் என்று அழ என்ன இருக்கிறது?

---

பேரையூர் சுபேதார்:

தம்பிகளா, நான் சரித்திரம் படித்தவன் இல்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவன். "அடி கொல்லு அடி கொல்லு" என்று கத்தி ஓடியவன் என்கிற உரிமையில் இரண்டு வார்த்தை.

சம்பளத்துக்காக நிற்கிறவன் நிற்க மாட்டான் என்று நெற்கட்டும்செவல் தம்பி சொன்னது முழுக்க சரியில்லை. நானும் சம்பளத்துக்குத்தான் போனேன். பேரையூரில் மழை இல்லை, ஆள்சேர்ப்பு நடந்தது, ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். தேசபக்தி எல்லாம் அப்புறம் வந்தது. ஆனால் குண்டு பறக்கும்போது யாரும் தேசத்தை நினைப்பதில்லை, சம்பளத்தையும் நினைப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் நிற்கிறானா, முன்னால் இருக்கிற சாப் நிற்கிறாரா, இதுதான் கண்ணில் படும். (சாகிபு என்பதைத்தான் நாங்கள் சாப் என்கிறோம். உங்கள் கான் சாகிபும் எங்களுக்கு கான் சாப்தான்.)

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்று ஒருவர், தமிழ்க் குடும்பம், மஹார் ரெஜிமெண்டின் 8-வது பட்டாலியன். 1987 நவம்பர் 25, ஈழத்தில். அந்தப் போர் சரியா தப்பா என்று ஆரம்பித்தால் இந்தத் திரி வேறெங்கோ போய்விடும், அதனால் அந்த ராத்திரியை மட்டும் சொல்கிறேன். தேடுதலை முடித்துவிட்டுத் திரும்பும்போது பதுங்கியிருந்து அடித்தார்கள். பதுங்கித் தாக்குதலில் மாட்டினால் மனிதன் தானாகப் படுத்துவிடுவான், இல்லை பின்னால் ஓடுவான். இவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிப்போய் அடித்தவர்களின் முதுகுப் பக்கம் வந்தார். கைகலப்பு. நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். இதெல்லாம் வீரம், சரி. நான் ஜூனியர்களுக்கு எப்போதும் சொன்னது அதற்கு அடுத்த பகுதியை: விழுந்த பிறகும் உயிர் போகிறவரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார், ஆட்கள் சிதறவில்லை, வேலையை முடித்தார்கள். பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அமைதிப்படையில் அந்த விருது வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

லடாக்கில் கல்வானில் 2020 ஜூன் 15-ல் சீனர்களோடு நடந்த மோதலில் உயிர் போன ஹவில்தார் பழனியும் ராமநாதபுரம் மாவட்டம்தான், கடுக்கலூர். வீர் சக்ரா. ஆபீசர் மட்டும்தான் தலைவன் என்று நினைக்காதீர்கள். ஒரு ஹவில்தார் நின்றால் பின்னால் பத்து பேர் நிற்பான்.

இப்போது பட்டினி விஷயம். கொத்தளம் தம்பி சோறு என்று சொன்னவுடனே எனக்கு ஒரு போஸ்ட் ஞாபகம் வந்தது. எந்த இடம் என்று எழுத மாட்டேன், வடக்கே, பனி மூடினால் கீழே இறங்க வழி கிடையாது. ஒரு வருஷம் பனி முன்னாலேயே விழுந்துவிட்டது, மேலே வரவேண்டிய ராஷன் பாதிதான் வந்திருந்தது. மண்ணெண்ணெய் கூடக் கணக்குப் பார்த்துத்தான். பத்து நாளில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. லங்கர்க்காரன் (சமையல்காரன்) ஒளித்து வைக்கிறான், அந்த செக்ஷனுக்கு அதிகம் போகிறது, இப்படி. ஒருவன் பால் டின் எடுத்து மாட்டிக்கொண்டான். சின்னப் பையன், அழுகிறான். எங்கள் கம்பெனி கமாண்டருக்கு அப்போது முப்பது வயசு கூட இருக்காது. அவர் அவனை ஒன்றும் செய்யவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து ஸ்டோர்க் கதவைத் திறந்து வைத்து, எல்லாரும் நிற்க, மாவு எத்தனை மூட்டை, பருப்பு எவ்வளவு, டின் எத்தனை என்று சத்தமாக எண்ணச் சொன்னார். தினமும். ரோல் கால் மாதிரி. அவர் தட்டு கடைசியில்தான் நிரம்பும். குறைகிறது என்று கண்ணால் பார்த்தோம், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. பசி இருந்தது, ஒருத்தன் மேல் ஒருத்தனுக்குச் சந்தேகம் மட்டும் இல்லை. வழி திறக்கிறவரை ஒருத்தன் முகம் சுளிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கான் சாப் கடைசி நாட்களில் அந்த மார்ஷானைச் சாட்டையால் அடித்தார் என்று ஒரு செய்தி உண்டு, என் பேரன் படித்துக் காட்டினான். வாக்குவாதத்தில் கை நீட்டிவிட்டாராம். அது உண்மையென்றால், உங்கள் மச்சினன் கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. பட்டினி கிடக்கிற படையில் ஆபீசர் மேல் எல்லார் முன்னாலும் கை வைத்தால் அன்றைக்கே கதை முடிந்தது. எவ்வளவு பெரிய மதில் இருந்து என்ன பிரயோஜனம்.

ஆனாலும் நான் அவருக்கு சல்யூட் அடிப்பேன். உடைந்த மதிலில் ஏறுகிறவனைத் தள்ளுவது லேசு இல்லை. உடைப்புக்குப் பின்னால் ரிசர்வ் ஆட்களைச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும், எதிரி கிட்டே வருகிறவரை சுடாமல் பிடித்துவைக்க வேண்டும், அந்தப் பிடித்துவைப்பதுதான் கஷ்டம். பயந்த படை தூரத்திலேயே சுட்டுத் தீர்த்துவிடும். ஜூன் மாசம் வரை அந்தப் படை அவர் பேச்சைக் கேட்டது. மூன்று மாசத்தில் கேட்காமல் போனது. இடையில் என்ன கெட்டது என்று பாருங்கள்.

---

கொத்தளம்:

சுபேதார் ஐயா, சாட்டை விஷயத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ஒரு சின்ன வாதம் மட்டும் வைக்கிறேன். அவர் கையில் ஆயுதம் இருந்தவரை ஒருத்தன் கிட்டே போகவில்லை பாருங்கள், தொழுகைக்கு உட்காருகிற நேரம் பார்த்துத்தானே போனார்கள். தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பார்கள். கடைசிவரை அவர் மேல் ஒரு பயம் இருந்தது.

---

பேரையூர் சுபேதார்:

பயம் இருந்தது தம்பி. பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது என்கிறேன் நான்.

---

சம்மட்டிபுரம் வீடு:

நான் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். சின்ன சதுரக் கட்டடம், 1808-ல் கட்டியது. உள்ளே சமாதி. உடம்பு மட்டும்தான் இங்கே, தலையைத் திருச்சிக்கும் கை கால்களை வெவ்வேறு ஊருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். ரெண்டு தடவை கயிறு அறுந்துபோனது, தாயத்தைக் கழற்றிய பிறகுதான் உயிர் போனது என்றும் சொல்லும். செத்த ஆளையும் ஒரே இடத்தில் விட்டுவைக்கப் பயந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா இந்து, வெள்ளிக்கிழமை ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் கடை திறக்கும். யாரும் எங்களிடம் இவர் நல்ல தளபதியா என்று கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை. அரசரடி அண்ணே, மகளை வெளியே நின்று காட்டாமல் உள்ளே கூட்டி வாங்க.

---

அரசரடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மச்சினனைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் படித்தேன். சாட்டை வரைக்கும் வந்ததும் "பார்த்தீங்களா மாமா" என்று துள்ளினான், ஜூன் 26 வந்ததும் அடங்கிவிட்டான். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த பால் டின் எடுத்த அண்ணன் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்கிறாள். சுபேதார் ஐயா, அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை அவளையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறோம், நீங்கள் பேரையூரிலிருந்து வர முடிந்தால் சொல்லுங்கள், காளவாசலில் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

---

பேரையூர் சுபேதார்:

முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பையன் பின்னால் நாயக் ஆனான், எங்கள் கம்பெனி ராஷன் ஸ்டோர் அவன் கையில்தான் இருந்தது. மிச்சத்தைப் பாப்பாவிடம் நேரில் சொல்கிறேன்.